பெர்ரி மேசனும் எங்கள் ஊர்ச் சாட்சிகளும்

வாசகர் கேள்வி – பதில்

(சென்ற இதழில், "ராத்திரி தூக்கம் வராவிட்டால் மாத்திரை போடமாட்டேன், ஒரு பெர்ரி மேசன் போட்டுக்கொள்வேன்" என்று நம் பத்தியாளர் எழுதியிருந்தார். மேசன், அமெரிக்கத் துப்பறியும் நாவல்களில் வருகிற வக்கீல்; பத்தியாளர், குமரி மாவட்டக் கோர்ட்டுகளில் தட்டச்சராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்தத் தடவை பக்கத்தை நிறைத்துவிட்டன. – ஆசிரியர் குழு)

மேசன் கதைகளைப் புத்தகமாகப் படித்திருக்கிறேன். டி.வி.யிலும் வந்ததா? எந்தக் காலத்தில்?
– வாசகர், தக்கலை

வந்தது சார். அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1957 செப்டம்பரில் ஆரம்பித்து 1966 மே மாதம் வரை ஓடியது. மொத்தம் 271 கதைகள். விளம்பரத்தோடு சேர்த்து ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். ஒரே ஒரு கதையைக் கலரில் எடுத்தார்கள், மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. அந்தக் கலர் கதையைப் பார்த்தபிறகு கறுப்பு வெள்ளையே மேல் என்று தோன்றிவிட்டது எனக்கு. மேசனாக நடித்தவர் ரேமண்ட் பர். அதற்கு முன்னால் சினிமாவில் பெரும்பாலும் வில்லன் வேடம் போட்டவர். இந்தத் தொடரிலும் அரசு வக்கீல் வேடத்துக்குத்தான் முதலில் போய் நின்றாராம். கதாசிரியர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் அவரைப் பார்த்ததும் இந்த ஆள்தான் மேசன் என்று சொல்லிவிட்டார்.

கார்ட்னரும் வக்கீல்தான். சட்டக் கல்லூரியில் முழுசாகப் படிக்காமல், வக்கீல் ஆபீசில் வேலை செய்துகொண்டே படித்து 1911-இல் கலிபோர்னியாவில் தேர்ச்சி பெற்றவர். முதல் மேசன் நாவல் 1933-இல் வந்தது. தொடரின் தயாரிப்பாளர் கெயில் பாட்ரிக் ஜாக்சன் நடிகையாக இருந்தவர், கொஞ்ச காலம் சட்டமும் படித்தவர். கோர்ட் காட்சிகளில் நடைமுறை பிசகாமல் இருப்பதற்கு இந்த இரண்டு பேரும் காரணம் என்று நினைக்கிறேன்.

கப்பலில் வேலை பார்க்கிற என் மருமகன் வாங்கிவந்த டிவிடி பெட்டியில்தான் நான் பார்க்கிறேன்.

நான் சட்டம் படிக்கிறேன். உங்கள் பேச்சைக் கேட்டு ஐந்து கதை பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சு. அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட இந்தத் தொடரை இன்னும் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றால் அதில் அப்படி என்ன இருக்கிறது?
– மாணவி, நாகர்கோவில்

ஒரே அச்சுதான் மக்களே. நான் மறுக்கவில்லை. முதல் கால்மணி நேரத்தில் ஒரு ஆளை எல்லோரும் வெறுப்பார்கள், அவர் செத்துப்போவார். அவரோடு கடைசியாகச் சண்டை போட்டவர் மேசனின் கட்சிக்காரராக இருப்பார். போலீஸ் அதிகாரி லெப்டினன்ட் டிராக் தொப்பியோடு வந்து நிற்பார். பாதிக்கு மேல் கோர்ட். முடிவில் கூண்டில் இருப்பவரோ பின் பெஞ்சில் இருப்பவரோ உடைந்து ஒப்புக்கொள்வார். அப்புறம் எல்லோருமாக உட்கார்ந்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்க, மேசன் விளக்குவார்.

கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்கிற ஊர் நம்முடையது. கதை தெரியாமலா உட்கார்ந்திருக்கிறோம்? தெரிந்த கதையை அந்த அண்ணாவி இன்றைக்கு எப்படிப் பாடுகிறார் என்று கேட்கத்தான் இருக்கிறோம். மேசன் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

என்னைக் கட்டிப்போட்டது வேறு விஷயம். நாளைக்கு நீங்கள் கறுப்பு கோட் போட்டுக்கொண்டு நிற்கப்போகிறவர், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

நம் கோர்ட்டில் சாட்சியத்தை எப்படி அடிப்போம் தெரியுமா? வக்கீல் கேட்பார். சாட்சி பதில் சொல்வார். நீதிபதி இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியமாக்கிச் சொல்வார். அதைத்தான் நாங்கள் அடிப்போம். கேள்வி காகிதத்தில் ஏறாது. இது யாரும் சோம்பல்பட்டுச் செய்கிற காரியமில்லை, சட்டமே அப்படித்தான். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276-ஆம் பிரிவு, செஷன்ஸ் வழக்கில் சாட்சியத்தைச் சாதாரணமாகத் தொடர்ச்சியான உரையாகவே பதிய வேண்டும் என்றது. அவசியம் என்று நீதிபதிக்குப் பட்டால் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் கேள்வியும் பதிலுமாக எழுதச் சொல்லலாம்.

ஒரு குறுக்கு விசாரணை என்று வைத்துக்கொள்ளுங்கள். "அன்றைக்கு ராத்திரி மழைதானே? கரண்டும் இல்லைதானே? பிறகு அரிவாள் அவன் கையில்தான் இருந்தது என்று உமக்கு எப்படித் தெரியும்?" என்று எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு வக்கீல் கேட்கிறார். சாட்சி எச்சில் விழுங்குகிறார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிறார். அரசு வக்கீலை ஒரு பார்வை பார்க்கிறார். அப்புறம், "வெட்டம் கொஞ்சம் உண்டும்" என்கிறார். நான் அடிப்பது இவ்வளவுதான்: "சம்பவத்தன்று மழை பெய்தது. மின்சாரம் இல்லை. சிறிது வெளிச்சம் இருந்தது. இருட்டில் நான் எதையும் பார்க்கவில்லை என்றால் சரியல்ல." (வக்கீல் சொன்னதைச் சாட்சி மறுக்கிறார் என்பதற்குக் கோர்ட் பாஷை அது.)

துண்டும் போச்சு, அந்தப் பார்வையும் போச்சு. சாட்சியின் நடத்தையைப் பற்றி நீதிபதி குறிப்பு எழுதிவைக்க அதே சட்டத்தின் 280-ஆம் பிரிவு இடம் கொடுத்தது. என் காலத்தில் அப்படி ஒரு குறிப்பை அடிக்கச் சொன்னவர்கள் அபூர்வம். ஒரு நாளைக்கு அவ்வளவு சாட்சி, யாரைச் சொல்ல? கடைசியில் மேல்முறையீட்டில் மதுரைக் கிளையில் இருக்கிற நீதிபதி கையில் போய்ச் சேருவது அந்தக் காகிதம். "என்றால் சரியல்ல" என்று நான் அடித்த அளவுக்கு என் சொந்தப் பெயரைக்கூட அடித்திருக்க மாட்டேன்.

மேசனில் இதற்கு நேர் எதிர். காகிதத்தில் ஏறாமல் போனதெல்லாம் அங்கே திரையில் இருக்கிறது. மேசன் கேட்டு முடித்ததும் கேமரா சாட்சியின் முகத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். கேள்வியும் எப்படிக் கேட்பார் என்று கவனியுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு விஷயம்தான். கதவு பூட்டியிருந்ததா? சாவி எத்தனை? ஒன்று உங்களிடம், இன்னொன்று? அன்றைக்கு வெள்ளிக்கிழமைதானே? நம் வக்கீல்கள் பலர் (பெயர் சொல்லமாட்டேன், பாதிப் பேர் இந்தப் பத்தியை வாசிக்கிறார்கள்) மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கோர்த்துக் கேட்பார்கள். சாட்சி அதில் தனக்கு வசதியான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லித் தப்பித்துவிடுவார். மேசனின் சாட்சிக்கு அந்த வசதி கிடையாது. குட்டிக் குட்டியாக எட்டு "ஆமாம்" சொன்னபிறகுதான், ஒன்பதாவதற்கு "இல்லை" சொல்ல முடியாது என்பது அவருக்கே தெரியும். அந்தத் தெரிகிற விநாடியைப் பார்க்கத்தான் நான் முடிவு தெரிந்த கதையையும் திரும்பப் போடுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தியும் என்னோடு பார்ப்பாள். நடைபாதைத் தகராறு ஒன்றுக்காக இரணியல் முன்சீப் கோர்ட்டுக்கு வருஷக்கணக்கில் நடந்தவள். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. தன் கேஸ் கூப்பிடுவதற்குக் காத்துக் கிடந்த நேரமெல்லாம் அடுத்தவர்கள் கேஸைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், அது ஒரு படிப்பு. "பிள்ளே, இவன் பொய் சொல்லுதான், காலப் பாரு" என்பாள். பார்த்தால் கால் ஆடிக்கொண்டிருக்கும். மேசன் அந்தப் பொய்யைப் பிடிக்க இன்னும் பத்து நிமிஷம் ஆகும். "இந்த மனுஷனுக்கு வாய்தாவே கிடையாதா?" என்று ஒருநாள் கேட்டாள். உண்டு, நாளைக் காலை பத்து மணி வரைக்கும் என்றேன். நம்பாமல் சிரித்தாள்.

முகத்தைப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் எந்தக் காலத்திலும் இந்தத் தொடரைப் பார்ப்பார்கள். அச்சு ஒன்றாக இருக்கலாம், நிற்கிற சாட்சி ஒவ்வொரு தடவையும் வேறு. நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள், ஒரு கோர்ட் காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

மேசன் கதையில் வருவதுபோல் நம் கோர்ட்டில் யாராவது கூண்டில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா?
– வாசகர், குழித்துறை

கொலையையா? ஒருவரும் கிடையாது. நான் பார்த்தது மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டும் வராத சாட்சி, வந்து போலீசில் சொன்னதையெல்லாம் நான் சொல்லவே இல்லை என்று மாறிவிடுகிற பிறழ் சாட்சி, இப்படிப்பட்டவர்களைத்தான்.

நம் சட்டமும் வேறு மாதிரி. என்னை மாட்டிவிடும் என்பதால் பதில் சொல்லமாட்டேன் என்று சாட்சி மறுக்க முடியாது. ஆனால் அப்படிக் கட்டாயத்தின்பேரில் வாங்கிய பதிலை அவருக்கு எதிராகத் திருப்பிப் பயன்படுத்தவும் முடியாது, பொய்ச் சாட்சி சொன்னதற்கான வழக்கு மட்டும் விலக்கு. 2024 வரை நடப்பில் இருந்த 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 132-ஆம் பிரிவாக இருந்தது அது. அதனால் இங்கே ஒருவர் உடைந்து அழுதாலும் கதை அங்கே முடியாது, போலீஸ் புதிதாக ஆரம்பிக்க வேண்டும்.

சிவில் கேஸில் ஒன்று பார்த்திருக்கிறேன். இரண்டு தோட்டத்துக்கு நடுவில் நின்ற ஒரு பலாமரம் யாருக்கு என்று வழக்கு. எல்லைக்கல் விஷயத்தை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க ஆரம்பித்ததுமே வாதியான பெரியவர், "கல்லை எங்க அப்பாதான் நட்டாரு, கொஞ்சம் தள்ளித்தான் நட்டாரு" என்று சொல்லிவிட்டார். அவருடைய வக்கீல் கையிலிருந்த கேஸ் கட்டை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். நீதிபதி, "அடிங்கம்மா, சொன்னபடியே அடிங்க" என்றார். அடித்தேன்.

பெரிய கொலை வழக்கு என்கிறார்கள், ஜூரிகளைக் காணவே இல்லையே?
– ரப்பர் தோட்டக்காரர், குலசேகரம்

நல்ல கண் உங்களுக்கு. அங்கே நடப்பது பெரும்பாலும் முழு விசாரணை இல்லை, பூர்வாங்க விசாரணை. இந்த ஆளைப் பெரிய கோர்ட்டுக்கு அனுப்பி விசாரிக்கிற அளவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று ஒரு நீதிபதி மட்டும் உட்கார்ந்து பார்ப்பது. கலிபோர்னியாவில் அதற்கு ஜூரி கிடையாது. தயாரிப்பாளர்களுக்கும் லாபம், பன்னிரண்டு நடிகர்களுக்குச் சம்பளம் மிச்சம். கதைக்கும் லாபம், கேஸ் பெரிய கோர்ட்டுக்குப் போகாமலே கட்சிக்காரர் வீட்டுக்குப் போய்விடலாம்.

நம்மிடமும் இது இருந்தது. 1898-ஆம் ஆண்டுப் பழைய நடைமுறைச் சட்டத்தில் கொலை வழக்கு செஷன்ஸுக்குப் போகும் முன்னால் மாஜிஸ்திரேட் சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிப்பார். ஒரே சாட்சி ஒரே சங்கதியை இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும். முதல் இடத்துக்கும் இரண்டாவது இடத்துக்கும் நடுவில் அவருக்கு என்னென்ன மறந்துபோகும், என்னென்ன புதிதாக ஞாபகம் வரும் என்று என் சீனியர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்த விசாரணையை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட் நகல்களைக் கொடுத்து, கேஸை மேலே அனுப்பிவைப்பதோடு சரி. "பி.ஆர்.சி." (பூர்வாங்கப் பதிவு வழக்கு) என்று நம்பர் போடும் வழக்கம் மட்டும் மிஞ்சியது.

நம் ஜூரி முறையும் அதே சட்டத்தோடு போய்விட்டது.

தன் காரியதரிசி டெல்லா ஸ்ட்ரீட்டை மேசன் கடைசியில் கல்யாணம் செய்தாரா இல்லையா? இதைச் சொல்லாமல் என் மனைவி என்னைத் தூங்க விடமாட்டாள்.
– வாசகர், மார்த்தாண்டம்

இல்லை என்று சொல்லிவிட்டுத் தூங்குங்கள். நாவல்களில் மேசன் பல தடவை கேட்கிறார், டெல்லாதான் மாட்டேன் என்கிறாள். கல்யாணம் ஆனால் வீட்டில் உட்கார வேண்டியிருக்கும், வேலை போய்விடும். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

நிஜத்தில் நடந்ததையும் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். கார்ட்னர் தன் நாவல்களை வாயால் சொல்ல, காரியதரிசிகள் எழுதி அடிப்பார்கள். அவர்களில் மூன்று பேர் அக்கா தங்கைகள். மூத்தவரான ஜீன் பெத்தலைக் கார்ட்னர் 1968-இல், முதல் மனைவி காலமான பிறகு, கல்யாணம் செய்துகொண்டார். டெல்லாவுக்கு மூலம் அவர்தான் என்று சொல்வார்கள். எண்பதுக்கு மேற்பட்ட மேசன் நாவல்கள். அத்தனை கொலையையும் யாரோ ஒருத்தி உட்கார்ந்து டக்டக்கென்று அடித்திருக்கிறாள் என்பதை நினைத்தால் எனக்கு விரல் நோகிறது.

டெல்லாவாக நடித்த பார்பரா ஹேலும் ரேமண்ட் பரும் 1985-இல் மறுபடி சேர்ந்தார்கள். அந்தக் கதையில் மேசன் மேல்முறையீட்டு நீதிபதியாக இருக்கிறார். டெல்லாமேல் கொலைப்பழி விழுகிறது. அவளுக்காக வாதாட நீதிபதி பதவியை ராஜினாமா செய்துவிட்டு வருகிறார். இதற்குமேல் ஒரு ஆள் என்ன செய்ய வேண்டும்?

அரசு வக்கீல் ஹாமில்டன் பெர்கரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஜெயிக்கவே மாட்டாரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொல்லங்கோடு

எனக்கும் அவர்மேல்தான் இரக்கம். "இன்காம்பிடன்ட், இர்ரெலவன்ட், இம்மெட்டீரியல்" (ஏற்கத்தகாதது, சம்பந்தமில்லாதது, முக்கியமில்லாதது) என்று ஆட்சேபித்து எழுந்து எழுந்து உட்காருவார், பலன் இருக்காது. மேசன் பக்கம் தீர்ப்பு எதிராகப் போன கதை ஒன்றிரண்டு உண்டு. 1963-இல் வந்த ஒன்றில் ஆரம்பத்திலேயே கட்சிக்காரிக்கு மரண தண்டனை விழுந்துவிடும், அப்புறம்தான் மேசன் ஓட ஆரம்பிப்பார்.

ஆனால் பெர்கர் கெட்டவர் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? உண்மைக் குற்றவாளி தெரிந்ததும் கேஸைத் தானே வாபஸ் வாங்குவார். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோடோமேயர் சின்ன வயதில் இந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர். 2009-இல் அவர் நியமனத்துக்கான செனட் விசாரணையில் இதைச் சொன்னார். அவர் மனதில் நின்றது மேசன் இல்லை, பெர்கர். நிரபராதி விடுதலையானால் அதுவும் என் கடமை நிறைவேறியதுதான் என்கிற பொருளில் பெர்கர் பேசிய ஒரு காட்சி அவரை அரசு வக்கீல் வேலையின் பக்கம் இழுத்ததாம்.

பெர்கராக நடித்த வில்லியம் டால்மனுக்கு நிஜத்திலேயே ஒரு வழக்கு வந்தது. 1960-இல் ஒரு விருந்து வீட்டில் போலீஸ் புகுந்தது, அவரும் பிடிபட்டார். ஆதாரமில்லை என்று கோர்ட் தள்ளுபடி செய்தும் தொலைக்காட்சிக்காரர்கள் வேலையைவிட்டு எடுத்தது எடுத்ததுதான் என்றார்கள். ரேமண்ட் பரும் கார்ட்னரும் அவருக்காகப் பேசினார்கள், பார்வையாளர்கள் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். அந்த வருஷக் கடைசியில் திரும்ப வந்துவிட்டார். திரையில் அத்தனை பேருக்குத் தண்டனை கேட்டவருக்கு வெளியில் இத்தனை வக்கீல்கள். 1968-இல் நுரையீரல் புற்றுநோயில் சாகும் தறுவாயில், சிகரெட் பிடிக்காதீர்கள் என்று ஒரு விளம்பரத்தில் பேசினார்.

மேசன் செய்கிற வேலையெல்லாம் சட்டப்படி சரியா? நான் செய்தால் என்ன ஆகும்?
– வழக்கறிஞர், பூதப்பாண்டி

துப்பாக்கியை இடம் மாற்றுவது, சாயலுள்ள வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து சாட்சியைக் குழப்புவது, போலீஸ் வருவதற்கு முன்னால் கட்சிக்காரியை ஒளித்துவைப்பது. நீங்கள் செய்தால் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் பார் கவுன்சில் உங்களைக் கூப்பிடும். முதலில் பால் டிரேக்போல் ஒரு துப்பறிவாளரை வைத்துக்கொள்ளக் கட்சிக்காரர் பணம் தரவேண்டுமே. இங்கே துப்பறிவது யார்? கட்சிக்காரரின் மச்சினன்.

எங்கள் அம்மாவுக்குக் கோர்ட் கதை என்றால் உயிர். இங்கிலீஷ் தெரியாது. எந்தக் கதையில் ஆரம்பிப்பது?
– வாசகி, குளச்சல்

முதல் வருஷக் கதைகளில் ஆரம்பியுங்கள் மகளே. கார்ட்னரின் நாவல்களிலிருந்து நேராக எடுத்தவை அவற்றில்தான் அதிகம், கட்டுக்கோப்பு பலமாக இருக்கும். தட்டச்சுக்காரி ஒருத்தி ஆபீசில் வந்து உட்கார்ந்து பறக்கிற வேகத்தில் அடித்துவிட்டுத் திடீரென்று காணாமல் போகிற கதை ஒன்று 1958-இல் வந்தது. எனக்குச் செல்லமானது என்பதால் சொல்கிறேன், மேசனுக்கு எதிராகத் தீர்ப்பு வருகிற கதைகளில் அதுவும் ஒன்று.

முதல் பத்து நிமிஷம் மட்டும் நிறுத்தி நிறுத்தி யார் யார் என்று சொல்லிக்கொடுங்கள். சொத்து யாருக்கு, கோபம் யார்மேல், இவ்வளவு போதும். கோர்ட் வந்தபிறகு நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், அம்மாவே உங்களுக்குச் சொல்லுவாள். கொலைகாரன் யார் என்று இடையில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கத்து வீட்டு அக்கா முக்கால்வாசி சரியாகச் சொல்லுவாள். கடைசி ஆபீஸ் காட்சியைத் தாண்டிவிட்டாலும் பாதகமில்லை, விளக்கம்தான். சாயங்காலம் மீன் வருகிற நேரத்தில் மட்டும் போட வேண்டாம். குறுக்கு விசாரணை ஓடிக்கொண்டிருக்கும்போது மீன்காரி கூப்பிட்டால் உங்கள் அம்மா எழுந்திருக்க மாட்டாள், ராத்திரி ரசத்தோடு முடிந்துவிடும்.